கூரை மேல் ஓர் ஆட்டம்

குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயில் வந்து நின்றால் என் கண் நேரே கூரைக்குத்தான் போகும். 1998-இல் மணிரத்னம் ‘உயிரே’ படத்தின் ‘தைய தையா’வுக்கு அத்தனை பேரை ஆடவிட்டது இந்த ரயிலின் கூரையில்தானே! ஓடும் வண்டி, விழாமலிருக்க மலைக்கா அரோரா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆடினாராம். பாட்டில் கயிறு தெரிகிறதா என்று எத்தனையோ முறை தேடியிருக்கிறேன், அகப்படவில்லை.

அதே மெட்டு 2002-இல் லண்டன் அப்போலோ விக்டோரியா அரங்கில், ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ நாடகத்தில் மேடையேறியது. 2004-இல் பிராட்வேக்கும் போனது. படத்துக்கு நடனம் அமைத்த ஃபரா கானே அங்கேயும், ஆன்டனி வான் லாஸ்டோடு சேர்ந்து. வெள்ளைக்காரர்கள் டிக்கெட் வாங்கிக் கைதட்டினார்கள்; சந்தோஷம்தான். ஆனாலும் அசையாத பலகையில் ஆடுவது எனக்கு ஒரு மாற்றுக் குறைவே. தேயிலைச் சரிவும் புகையும் அங்கே ஏது?