போட்டோ யாருக்கு, பில் யாருக்கு?

உங்கள் குடும்பத்தின் தலையில் சுமார் 2.63 லட்சம் ரூபாய் கடன் இருக்கிறது! 2021 ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை வெளியிட்ட அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் சொன்ன கணக்கு இது. தமிழக அரசின் மொத்தக் கடன் 5.70 லட்சம் கோடி. அதைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். அவ்வளவுதான்.

2025 மார்ச் பட்ஜெட்டில் அந்தக் கடன், நிதியாண்டு முடிவில் 9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்றார் தங்கம் தென்னரசு. உடனே வசனங்கள் கைமாறின. நேற்று பதில் சொன்னவர்கள் இன்று கேள்வி கேட்டார்கள். ஆளும் தரப்போ, 'மாநில உற்பத்தியில் 26 சதவிகிதம்தானே' என்றது. ஒருவர் தொகையைக் காட்டிப் பயமுறுத்துகிறார், இன்னொருவர் சதவிகிதத்தைக் காட்டித் தட்டிக் கொடுக்கிறார். இரண்டுமே பாதிக் கணக்கு.

கோபிசெட்டிபாளையம் பக்கம் கடன் இல்லாத பண்ணையம் அபூர்வம். போர் போடக் கடன், மாடு வாங்கக் கடன், பட்டுப்புழு ஷெட் கட்டக் கடன். அதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. அங்கே முதல் கேள்வி 'எத்தனை வாங்குனீங்க' இல்லை. 'எதுக்குங்க வாங்குனீங்க' என்பதுதான். போர் போட வாங்கிய பணத்தில் மளிகை பாக்கியை அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீரும் வராது, அடுத்த மாதம் மளிகைக்காரரும் வாசலில் நிற்பார்.

இதே கேள்வியை அரசிடம் கேட்டுப் பாருங்கள். கொரோனா வருடமான 2020-21ல், வெள்ளை அறிக்கைப்படி நிதிப் பற்றாக்குறை 92,305 கோடி. அதில் 61,320 கோடி வருவாய்ப் பற்றாக்குறை. அதாவது நூறு ரூபாய் கடனில் 66 ரூபாய் சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் என்று அன்றாடச் செலவுக்கே போனது. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் அது 39 ரூபாயாகக் குறைந்தது. நல்ல விஷயம். ஆனால், இந்தப் பள்ளத்தை அடியோடு மூடுவதாக 2003லேயே சட்டம் போட்ட மாநிலம் இது!

கடனுக்கு ஒரு நல்ல உதாரணமும் கொங்கிலேயே உண்டு. அத்திக்கடவு-அவிநாசித் திட்டம். அறுபது வருடக் கோரிக்கை. 2019ல் அடிக்கல், 2024 ஆகஸ்டில் திறப்பு. செலவு 1,916 கோடி. பவானியின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்குப் போக வழி பிறந்தது. கடன் வாங்கிச் செய்தாலும் தப்பில்லாத வேலை.

ஆனால், 2025 பிப்ரவரியில் இதற்காக அன்னூரில் எடப்பாடி பழனிசாமிக்கு நடந்த பாராட்டு விழா எதற்காகச் செய்தியானது? எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா படங்கள் இல்லை என்று அன்றைய கோபி எம்.எல்.ஏ. செங்கோட்டையன் போகவில்லை. அப்புறம் நாள் கணக்கில் படத்தைப் பற்றியே பேச்சு. ஆறு நீரேற்று நிலையங்களில் மோட்டார் ஓடினால்தான் குளத்துக்குத் தண்ணீர். அந்தக் கரன்ட் பில்லும் பராமரிப்புச் செலவும் வருடா வருடம் எங்கிருந்து வரும்? அதற்காக யாரும் கோபித்துக்கொண்டு விழாவுக்குப் போகாமல் இருந்ததாகத் தெரியவில்லை.

கரன்ட் என்றதும் இன்னொன்று. கோபியிலிருந்து திருப்பூர் போகும் வழியில் பெருமாநல்லூர். 1970ல் மின்கட்டணம் ஒரு பைசா உயர்ந்ததை எதிர்த்த விவசாயிகளில் மூன்று பேர் அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இருபது வருடம் கழித்துத்தான் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. ரத்தம் சிந்தி வாங்கியதை 'இலவசம்' என்று ஏ.சி. அறையில் இருந்து நக்கலடிப்பது அநாகரிகம். அதே சமயம், அந்தப் பணமும் அன்றாடச் செலவுக் கணக்கிலிருந்துதான் போகிறது. வேண்டும் என்றால் அதற்கு வரி வசூலித்துக் கொடுக்கட்டும். நம் பேரன் பெயரில் கடன் எழுதிக் கொடுக்கக் கூடாது. பேரனுக்கு இன்னும் ஓட்டு இல்லை, எதிர்த்துக் கேட்க மாட்டான் என்ற தைரியம்தான் இந்தப் பழக்கத்துக்குக் காரணம்.

அடுத்த பட்ஜெட் வரும்போது அந்தப் பூதாகாரமான மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள். வாங்கப் போகும் கடன் எவ்வளவு, அதில் வருவாய்ப் பற்றாக்குறை எவ்வளவு என்ற இரண்டு எண்களை மட்டும் பேப்பரில் தேடுங்கள். வகுக்கத் தெரிந்தால் போதும். உங்கள் தொகுதிக்காரர் ஓட்டுக் கேட்டு வரும்போது காபி கொடுத்துவிட்டு, சாவகாசமாகக் கேளுங்கள்:

'எதுக்குங்க வாங்குனீங்க?'