குடுவையில் வளரும் தைலேரியா

உண்ணி கடிக்கும்போது மாட்டுக்குள் நுழையும் தைலேரியா அன்யுலேட்டா ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் வளர்ப்பது பொறுமையும் சுத்தமும் கேட்கும் நேர்த்தியான வேலை. மாட்டின் வெள்ளையணுவுக்குள் அது குடியேறிவிட்டால் அந்த அணு ஓயாமல் பெருகத் தொடங்கும். 37 டிகிரி வெப்பமும் சத்துள்ள வளர்ப்பு ஊடகமும் கொடுத்து, சில நாட்களுக்கொரு முறை புதுக் குடுவைக்குப் பிரித்து மாற்ற வேண்டும். ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், அணுவின் நீலப் பரப்பில் செவ்வூதாப் புள்ளிகள் கொத்தாகத் தெரியும். அணு பிளவுபடும்போது அதன் கதிர் இழைகளைப் பற்றிக்கொண்டு ஒட்டுண்ணியும் இரு பங்காகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத அழகு அது! நெடுநாள் இப்படி வளர்த்தால் ஒட்டுண்ணியின் நோய் உண்டாக்கும் வீரியம் மங்கிவிடுகிறது, வீரியம் மங்கிய அந்த வளர்ப்பே தடுப்பூசியாகிறது. திரவ நைட்ரஜனில் உறைந்து வரும் உயிருள்ள மருந்து அது. கலப்பினப் பசு வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் இதைப் பற்றி அவசியம் கேளுங்கள்.