பஸ் குறியீடு இல்லை

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ 2021 ஏப்ரலில் வந்தபோது எழுதப்பட்ட விமர்சனங்கள் பலவும் அதில் வரும் பஸ்ஸைக் ‘குறியீடு’ என்று சொல்லி முடித்துக்கொண்டன. கழுதை குறியீடு, மீன் குறியீடு, வாள் குறியீடு, பஸ்ஸும் குறியீடு. எனக்கு இது ஒப்பவில்லை. வலிப்பு வந்து நடுரோட்டில் கிடக்கிற பிள்ளையைத் தாண்டி வண்டிகள் போகின்றன. பிள்ளை செத்துப்போகிறது. வயித்துப்பிள்ளைக்காரி ரோட்டோரம் நிற்கிறாள், பஸ் நிக்காமப் போகிறது. இதில் எது குறியீடு? ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இல்லைன்னா உசுரு போகும், அவ்வளவுதான். குறியீடு என்று சொன்ன மாத்திரத்தில், எங்கே நிறுத்தணும் எங்கே நிறுத்தக்கூடாது என்று முடிவெடுத்தவன் தப்பித்துக்கொள்கிறான்.

பஸ்ஸுக்கும் சாதிக்கும் உள்ள உறவு கற்பனையல்ல. படம் நினைவூட்டும் கொடியன்குளம் தாக்குதல் நடந்தது 1995இல். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரமானது. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயரையும் கழகங்களிலிருந்து அரசு எடுத்தது. அதே ஆண்டு ஜூனில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்துத்தான் வெட்டினார்கள்.

படத்தின் மீது எனக்கொரு விமர்சனம் உண்டு. அதில் அரசு பெரும்பாலும் போலீஸாகத்தான் வருகிறது. லத்தி தெரிகிறது. வழித்தடம் போடுகிற மேசை தெரியவில்லை. அந்த மேசையைப் பார்க்கணும்னா திட்ட ஆவணங்களையும் நாம் பிரதிகளாக வாசிக்கணும்.

நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டம் எப்படித் தயாராகிறது? இப்போது எத்தனை பேர் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று எண்ணி, அதை இருபது வருசத்துக்கு நீட்டிப் பார்க்கிறார்கள். போனவர்களுக்குத்தான் கணக்கு. பஸ் இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போகாதவள், காலேஜை விட்ட பிள்ளை எந்தக் கட்டத்திலும் வரமாட்டார்கள். பஸ் இல்லை, அதனால் பயணம் இல்லை. பயணம் இல்லை, அதனால் பஸ் தேவையில்லை. ‘அவன் படிக்கலை, அவனுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?’ என்ற பழைய தர்க்கம்தான் இது. இன்னொன்றும் உண்டு. மேம்பாலம் கட்டினால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று பார்த்து அந்த நேரத்துக்கு விலை போடுகிறார்கள். வழக்கமாகச் சம்பளத்தை வைத்துத்தான் விலை. காரில் போகிறவரின் பத்து நிமிசம் உசத்தி, பாத்திரம் தேய்க்கப் போகிறவளின் ரெண்டு மணி நேரம் மலிவு.

சென்னையைப் பாருங்கள். 2000 முதல் ஆற்றோரக் குடிசைகளைப் பிடுங்கி கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். வீட்டுவேலையும் பள்ளிக்கூடமும் பெரிய ஆஸ்பத்திரியும் நகரத்திலேயே நின்றுவிட்டன. 2026 வரைக்குமான இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் வந்தது. மெட்ரோ ரயில் 2015இல் ஓடத் தொடங்கியது, அது போன பக்கம் வேற. எங்கே வேலை, எங்கே ஆஸ்பத்திரி என்று பார்க்காமல் வீட்டை மட்டும் கொடுத்தால் அது குடியமர்த்தல் அல்ல, ஊருக்கு வெளியே வைத்தல். சேரி எப்போதும் அங்கேதானே இருந்தது!

2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு ஆணையிட்டது. நம் பெண்களின் கையில் காசு மிஞ்சிய நல்ல காரியம் அது, மறுக்கமாட்டேன். ஆனா நிக்காத பஸ்ஸில் டிக்கெட் இலவசமாக இருந்து என்ன?

2027 தொடங்கி 2046 வரைக்கும் என்று மூன்றாம் முழுமைத் திட்டம் பேசப்படுகிறது. நம் மாணவர்களும் எழுத்தாளர்களும் சினிமாவை வாசிக்கிற அதே கோபத்தோடு அதை வாசிக்கணும். ஒவ்வொரு காலனியிலிருந்தும் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எப்படிப் போவது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம் எத்தனை வண்ண வரைபடம் போட்டாலும் நமக்கான திட்டம் அல்ல.