விடிய விடிய வாசித்தல்: பின்னிரவு இசையும் நிறுத்தும் உரிமையும் (செட்டிநாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு)

ஆய்வுச்சுருக்கம்

பெருங்கச்சேரி முடிந்தபின் சிறிய அரங்கில், பின்னிரவில் நிகழும் இசையே ஒரு கலைஞரின் உண்மையான இசை என்னும் கருத்து இசை விமர்சனத்தில் வேரூன்றியுள்ளது. தமிழில் வழங்கும் 'விடிய விடிய வாசித்தார்' என்னும் பாராட்டும் அக்கருத்தைச் சார்ந்ததே. அமெரிக்க இசைக்கலைஞர் பிரின்ஸ் நிகழ்த்திய பின்கச்சேரிகளையும், செட்டிநாடு, காவிரிப்படுகை ஆகிய பகுதிகளின் இரவு நாகசுர மரபையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. இசையை நிறுத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாவை எழுப்பாமல் அப்பாராட்டை ஏற்பது, நாகசுரக் கலைஞர்களின் உழைப்பையும் சாதி நிலையையும் மறைத்துவிடும் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: பின்கச்சேரி, நாகசுரம், செட்டிநாடு, அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை, தி. ஜானகிராமன், கச்சேரி மரபு

1. முன்னுரை

தமிழ் இசை வரலாற்று நூல்களிலும் கலைஞர் நினைவுக் குறிப்புகளிலும் அடிக்கடி எதிர்ப்படும் தொடர் 'விடிய விடிய வாசித்தார்' என்பது. வாசித்தவர் பெரும்பாலும் நாகசுரக் கலைஞர். இடம் கோயில் வீதி அல்லது திருமண வீடு. இத்தொடர் ஒருவரின் ஆற்றலைப் போற்றுவதோடு, இன்றைய இரண்டரை மணி நேரச் சபைக் கச்சேரியைக் குறைவானதாகவும் காட்டுகிறது. அன்று இசை கடிகாரத்திற்குக் கட்டுப்படாமல் இருந்தது, இன்று கட்டுப்பட்டுவிட்டது என்னும் ஏக்கம் இதில் அடங்கியுள்ளது.

இந்த ஏக்கம் நீண்ட நேரத்தையும் பின்னிரவையும் கலைஞரின் விடுதலைக்கு அடையாளங்களாகக் கொள்கிறது. இக்கட்டுரை அதனை மறுபரிசீலனை செய்கிறது. செட்டிநாட்டை முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. இன்றைய கச்சேரி வடிவத்தை வகுத்தவர் எனக் கருதப்படும் இராமானுஜ ஐயங்காரின் பிறப்பிடம் காரைக்குடியை அடுத்த அரியக்குடி. நகரத்தார் திருமணங்களும் கோயில் விழாக்களும் நாகசுரத்தின் நீண்ட இரவுகளைப் புரந்த களமும் இதே வட்டாரந்தான். சுருங்கிய கச்சேரியும் நீண்ட இரவும் ஒரே நிலப்பகுதியில் அருகருகே நின்றன.

2. பின்கச்சேரி என்னும் கருத்தாக்கம்

பின்கச்சேரி என இக்கட்டுரை குறிப்பது, நுழைவுச்சீட்டுப் பெற்ற பெருங்கூட்டத்திற்கான நிகழ்ச்சி முடிந்தபின், அதே இரவில் அதே கலைஞர் ஒரு சிறிய அரங்கில் நடத்தும் இரண்டாம் நிகழ்ச்சியை. மேற்கில் இதற்குப் பெயர்பெற்றவர் பிரின்ஸ் (1958–2016). 1988 ஆகஸ்டில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு சிறிய கிளப்பில் பின்னிரவில் அவர் வாசித்தது, 'ஸ்மால் கிளப்' என்ற பெயரில் அதிகாரபூர்வமற்ற ஒலிப்பதிவாக உலகெங்கும் பரவியது. 2002இல் வெளியான அவரது நேரடி இசைத்தொகுப்பில் பின்கச்சேரிக்கெனத் தனி வட்டு ஒன்று ஒதுக்கப்பட்டது. 2007இல் இலண்டன் ஓ2 அரங்கில் 21 இரவுகள் நடந்த கச்சேரித் தொடரின்போது, அதே வளாகத்தின் சிறிய அரங்கில் பின்கச்சேரிகள் நிகழ்ந்தன.

பெரிய அரங்கில் மக்கள் எதிர்பார்க்கும் புகழ்பெற்ற பாடல்கள். சிறிய அரங்கில் நீண்ட கற்பனை வாசிப்பும் பிறர் பாடல்களும். இந்த வேறுபாட்டிலிருந்தே, முன்னது வணிகம், பின்னது கலை என்னும் பகுப்பு இரசிகர்களிடையே உருவானது.

இப்பகுப்புக்கு ஜாஸ் இசையில் முன்மாதிரி உண்டு. 1940களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த மின்டன்ஸ் விடுதியில், நடன இசைக்குழுக்களில் அன்றைய வேலையை முடித்த கலைஞர்கள் பின்னிரவில் கூடி வாசித்தனர். பீபாப் என்னும் புதிய பாணி அங்கு உருவானது என்பது வழக்கமான வரலாறு. ஸ்காட் டிவோ 1997இல் வெளியிட்ட நூலில் இக்கதையின் புனிதத்தன்மையைக் கலைத்து, பீபாப்பைக் கறுப்பினக் கலைஞர்களின் தொழில்வாழ்க்கை, வருவாய், இசைத்தொழிலின் நெருக்கடி ஆகியவற்றோடு சேர்த்து வாசித்தார். பின்னிரவு இசையும் தொழிற்சூழலுக்குள் நிகழ்வதே என்னும் அவரது அணுகுமுறை தமிழ்ச்சூழலுக்கும் பயன்படக்கூடியது.

பிரின்ஸின் பின்கச்சேரியில் கவனிக்க வேண்டியது நேரம் மட்டுமன்று. தொடங்குவதா, எதை வாசிப்பது, எப்போது நிறுத்துவது என்பவை அனைத்தும் அவரது முடிவுகள். விடியும்வரை வாசிக்க முடிந்தமைக்கு நள்ளிரவிலேயே நிறுத்திவிட்டுப் போகவும் அவரால் முடிந்தது என்பதே அடிப்படை.

3. வீதியில் நாகசுரம்

நாகசுரத்தின் இரவு இதனின்று வேறுபட்டது. சுவாமி புறப்பாட்டில் மல்லாரியோடு வாசிப்பு தொடங்கும். கம்பீரநாட்டையில் அமைந்த, சாகித்தியம் இல்லாத இவ்வுருப்படி தளிகை, தீர்த்தம், தேர் எனச் சடங்குக்கேற்ப வகைப்படும். பிறகு வீதியில் இராக ஆலாபனை. சந்திகளில் பல்லக்கு நிற்கும்போது ஆலாபனை விரியும். தவில் தனித்து முழங்கும். பல்லக்கு நகரும்போது கலைஞர்களும் நகர்வர். விழா நிறைவுற்றுப் பள்ளியறைச் சேவை நிகழும்போது நீலாம்பரி, ஆனந்தபைரவி போன்ற இராகங்கள் ஒலிக்கும். ஓர் இராகத்தை மணிக்கணக்கில் வாசிக்கும் ஆற்றல் வளர்ந்த களம் இதுவே. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்த வெளியை நிறைக்க வல்ல கருவி இது என்பதும், இருபுறமும் திரண்ட மக்கள் கட்டணமின்றிச் சாதி வேறுபாடு கடந்து கேட்டனர் என்பதும் இம்மரபின் சிறப்புகள்.

ஆனால் இந்த இரவின் நீளத்தை வரையறுத்தது கலைஞரின் கற்பனை மட்டுமன்று. சடங்கின் வரிசை, பல்லக்கின் நகர்வு, கோயில் நிருவாகத்தினரின் குறிப்பு, புரவலரின் விருப்பம் ஆகியவையும் அதனைத் தீர்மானித்தன. கலைஞர்கள் நின்றும் நடந்தும் வாசித்தனர். தவில்காரர் கருவியைத் தோளில் சுமந்தார். ஒத்து ஊதுபவர் இரவு முழுதும் ஒரே சுருதியைப் பிடித்திருந்தார். இரண்டு நாகசுரங்கள் மாறி மாறி வாசிப்பதும், இடையே தவில் தனித்து ஒலிப்பதும் அழகியல் உத்திகளாக மட்டும் விளக்கப்படுகின்றன. உதட்டிற்கும் மூச்சிற்கும் ஓய்வளித்து, சீவாளியை மாற்றிக்கொள்ள இடம்தரும் உழைப்பின் ஒழுங்கும் அவற்றில் உண்டு. நீண்ட ஆலாபனையின் கட்டமைப்பில் இந்த ஒழுங்கு படிந்துள்ளது என்பது தனித்து ஆராயத்தக்கது.

செட்டிநாட்டுத் திருமண வீடு இதன் மற்றொரு முகம். வளவைச் சுற்றிக் கட்டப்பட்ட பெருவீடுகள் குடும்பச் சடங்குகளை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. காவிரிப்படுகையின் புகழ்பெற்ற நாகசுரக் கலைஞர்களை வரவழைத்து வாசிக்கச் செய்வது அங்கே குடும்பத்தின் பெருமையாகக் கருதப்பட்டது. அப்புரவலின் பெருந்தன்மையை மறுக்க இயலாது. எனினும் அதே வீட்டில், தாலி கட்டும் கணத்தில் யாரோ ஒருவர் உயர்த்தும் விரலசைவில் எந்த ஆலாபனையும் அறுந்து கெட்டிமேளமாக மாறும். இரவெல்லாம் தோடி வாசித்தவரும் காலையில் அந்த விரலுக்குக் கட்டுப்பட்டவரே. திருமணத்தில் இதனை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. சடங்கின் தேவை அது. ஆயினும் இசையை நிறுத்தும் உரிமை எங்கே இருந்தது என்பதை இக்கணம் தெளிவாகக் காட்டுகிறது.

4. அரியக்குடியும் கச்சேரியின் கால அளவும்

அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) வருணத்தில் தொடங்கி, பல கீர்த்தனைகளை அடுத்தடுத்துப் பாடி, அளவான இராகம்–தானம்–பல்லவி, துக்கடாக்கள் என முடியும் கச்சேரி வடிவத்தை நிலைபெறச் செய்தார். அதற்கு முன் ஒரு சில உருப்படிகளும் விரிந்த பல்லவியுமாகக் கச்சேரிகள் நெடுநேரம் நீண்டன. சென்னையில் சபைகள் பெருகி, 1928இல் மியூசிக் அகாதெமி தொடங்கப்பட்டு, கட்டணம் செலுத்திக் கேட்கும் நகர நடுத்தர வகுப்பு உருவான சூழலுக்கு அவ்வடிவம் பொருந்தியது. ஓர் பக்கத்திற்கு மூன்று நிமிடம் அளவே பதிவுசெய்யக்கூடிய இசைத்தட்டுகளும் சுருக்கத்தைப் பழக்கின.

ஏக்கத்தின் பார்வையில் இது இழப்பு. ஆனால் வேறொரு கோணமும் உண்டு. அரியக்குடியின் முறையில், கொடுக்கப்பட்ட கால எல்லைக்குள் எதை எவ்வளவு பாடுவது, எங்கே முடிப்பது என்பது மேடையில் அமர்ந்திருக்கும் பாடகரின் பொறுப்பு. மங்களம் பாடி முடிப்பவர் அவரே. கச்சேரி சுருங்கிய அதே நகர்வில், முடிவின்மீதான அதிகாரம் கலைஞர் கைக்கு வந்தது. அந்த அதிகாரம் சபை மேடையில் அமர்த்தப்பட்டவர்களுக்கே கிடைத்தது என்பதும், அவர்களுள் பெரும்பாலோர் பிராமணர்கள் என்பதும் இவ்வரலாற்றின் பிரிக்கமுடியாத பகுதிகள்.

சிறு கூட்டத்தின் இசைக்கும் தமிழில் தக்க சான்று உண்டு. வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, அரியக்குடி உள்ளிட்ட இசைவாணர்களே கேட்போராக அமர்ந்தனர். வீடும் கருவியும் அமைதியின் விதியும் அவருடையவை. நள்ளிரவோ நீண்ட நேரமோ இல்லாமலே, பிரின்ஸின் பின்கச்சேரிக்கு மிக நெருங்கிய தமிழ் நிகழ்வு இதுதான்.

5. இராஜரத்தினம் பிள்ளையும் முடிவின் உரிமையும்

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) செயல்களை இப்பின்னணியில் வைத்துக் காணலாம். கிராப்புத் தலை, ஷெர்வானி, ஒத்துக்கு மாற்றாகத் தம்புரா, நின்று வாசிப்பதற்கு மாற்றாக மேடையில் அமர்ந்து வாசித்தல் என அவர் கொணர்ந்த மாற்றங்கள் நன்கறியப்பட்டவை. யோஷிதகா தெராதா தம் ஆய்வில் இவற்றை பிராமணர்–இசை வேளாளர் போட்டியின் பின்புலத்தில் விளக்கியுள்ளார்.

இவற்றோடு வாய்மொழிக் கதைகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஒப்புக்கொண்ட இடத்திற்கு வராமல் போவார், தாமதமாக வருவார், மனம் ஒப்பாவிடில் எழுந்து போய்விடுவார் என்று அவரைப் பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. மேதையின் கிறுக்கு என்றோ ஒழுங்கின்மை என்றோ அவை சொல்லப்படுகின்றன. ஒவ்வொரு கதையும் உண்மையா என்பது இங்கு முதன்மையன்று. அவை திரும்பத் திரும்பச் சுட்டுவது ஒன்றையே: தொடங்கும், நிறுத்தும் உரிமையை ஒரு நாகசுரக் கலைஞர் தமதெனக் கொண்டார் என்பதை. பாடகர் ஒருவர் மங்களம் பாடி முடித்தால் அது மரபு. நாகசுரக்காரர் எழுந்து போனால் அது திமிர். கதைகளின் தொனியில் உள்ள இவ்வேறுபாடு விமர்சனத்தின் கவனத்தைப் பெறவில்லை. அவரது தோடி நீண்டு ஒலித்த இரவுகளைப் போற்றும் நாம், அவர் வாசிக்க மறுத்த இரவுகளையும் அவரது கலை வரலாற்றின் பகுதியாகக் கொள்ள வேண்டும்.

6. 'செய்தி' சிறுகதையில் ஒரு சிறு அவை

தி. ஜானகிராமனின் 'செய்தி' சிறுகதை, விழாவும் திருமணமும் இல்லாத ஒரு நாகசுர வாசிப்பைச் சித்திரிக்கிறது. வழக்கறிஞர் வீட்டில், மேல்நாட்டு இசைவாணர் போல்ஸ்காவுக்காக ஒரு நாகசுர வித்துவான் வாசிக்கிறார். சாமா இராகக் கீர்த்தனை ஒன்றில் ஆழ்ந்துபோகும் போல்ஸ்கா அதனையே மீண்டும் வாசிக்குமாறு வேண்டுகிறார். மொழியும் சாகித்தியமும் அறியாத ஒருவருக்கு இசையின் சாந்தச் செய்தி சென்று சேர்கிறது என்பதே கதைக்கு வழக்கமாகக் கூறப்படும் பொருள்.

இவ்விளக்கம் பொருத்தமானதே, ஆயினும் அது கேட்டவரை மட்டுமே மையப்படுத்துகிறது. வாசித்தவர் பக்கம் நின்று பார்த்தால், அங்கே பல்லக்கு இல்லை, உயரும் விரல் இல்லை. இசையைத் தொடரச் செய்வது கட்டளையன்று, வேண்டுகோள். மகன் தங்கவேலுவின் புதுப்பாணியால் தம் கலையின் எதிர்காலம் குறித்து வருந்தும் தந்தைக்கு, தம் வாசிப்பு தன்னளவிலேயே கேட்கத்தக்கது என்னும் உறுதி அந்த வேண்டுகோளில் கிடைக்கிறது. ஆனால் அவ்வுறுதியைத் தருபவர் ஒரு வெளிநாட்டவர். நாகசுரத்தை மங்கல ஒலியாக அன்றி இசையாக மட்டுமே கேட்க, அதன் சடங்குப் பொருளை அறியாத செவி தேவைப்பட்டது என்னும் கசப்பைக் கதை உரத்துச் சொல்லவில்லை. எனினும் அது கதையின் அமைப்பிலேயே உள்ளது.

7. முடிவுரை

பின்னிரவும் நீண்ட நேரமும் தம்மளவில் கலைஞரின் விடுதலைக்குச் சான்றாகா. பிரின்ஸின் பின்கச்சேரி, தனம்மாளின் வெள்ளிக்கிழமை மாலை, அரியக்குடியின் மங்களம் ஆகியவற்றில் நிறுத்தும் உரிமை கலைஞரிடம் இருந்தது. கோயில் வீதியிலும் திருமண வளவிலும் அது பிறரிடம் இருந்தது. அந்நிலையிலும் நாகசுரக் கலைஞர்கள் இராக ஆலாபனையை அதன் உச்சத்திற்குக் கொண்டுசென்றனர் என்பதே அவர்களது சாதனை. 'விடிய விடிய வாசித்தார்' என்னும் தொடர் அச்சாதனையை ஒரு பொற்காலத்தின் இயல்பாக மாற்றிவிடுவதால், அதற்கு ஈந்த உழைப்பு கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது.

இன்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்துகின்றன. திருமண நாகசுரம் பல இடங்களில் சில மணி நேர வாசிப்பாகக் குறுகிவிட்டது. நீண்ட இரவுகளை நேரில் கண்ட மூத்த கலைஞர்களிடம் வாய்மொழி வரலாறு திரட்டுவோர், எவ்வளவு நேரம், எந்த இராகம் என்பவற்றோடு நிற்றல் கூடாது. எங்கே நின்றீர்கள், எப்போது உட்கார்ந்தீர்கள், ஊதியம் எப்போது கிடைத்தது, நிறுத்தச் சொன்னவர் யார் என்னும் வினாக்களையும் எழுப்ப வேண்டும். செட்டிநாட்டின் திருமண வீடுகளையும் கோயில் வீதிகளையும் இசை வரலாற்றின் களமாகக் கொள்ளும் எதிர்கால ஆய்வுகள் இவ்வினாக்களிலிருந்து தொடங்கலாம்.