விடைபெற இயலாதவரின் விடைச்சொல்: சுந்தரரின் திருவாரூர்ப் பதிகத்தில் முறையீடு

துன்பக் காலத்தில் இறைவனை நோக்கித் தனியொருவர் பாடிய பாடல்கள் தமிழ்ப் பத்தி இலக்கியத்தில் பல. அவற்றுள் பெரும்பாலானவை வேண்டுதலாகவோ தன் குறையைச் சொல்லி இரத்தலாகவோ அமைகின்றன. இறைவன்மீதே பழி சுமத்தும் பாடல்கள் மிகச் சில. அச்சிலவற்றுள் தலையாயது, ஏழாம் திருமுறையின் 95ஆம் பதிகமாகிய, 'மீளா அடிமை' எனத் தொடங்கும் திருவாரூர்ப் பதிகம். சுந்தரர் தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் அமைந்த ஒரே பதிகமும் இதுவே. இதனைத் தோழமை நெறியின் உரிமைப் பேச்சு என்றும், நிந்தாத்துதி என்றும் அமைதி கூறிக் கடப்பது வழக்கம். அவ்விரு விளக்கங்களும் பதிகத்தின் சொற்களோடு பொருந்துகின்றனவா என்பது ஆராயத்தக்கது. துன்புற்றவன் இறைவனைக் குற்றஞ்சாட்டும் சொல்லுக்குப் பத்தியில் இடமுண்டா, அல்லது அது வேறொன்றாகத் திரித்துப் பொருள் கொண்ட பின்னரே ஏற்கப்படுமா என்ற வினா இதில் அடங்கியுள்ளது.

பதிகத்தின் பின்னணியைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, அவரைப் பிரியேன் எனச் சுந்தரர் சூளுரைத்தார். பின்னர் ஆரூர் நினைவு மேலிட, சூள் பிழைத்து ஊரெல்லையைக் கடந்தார். இரு கண்ணொளியும் மறைந்தது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது, ஆரூரில் மற்றொரு கண் கிடைத்தது. இந்த வரிசையில் ஆரூர்ப் பதிகம் இறுதியில் நிற்கிறது. பாதி அருள் கிடைத்தபின் பாடப்பட்டது. ஆயினும் காஞ்சிப் பதிகத்தின் நன்றியுணர்வு இதில் சிறிதும் இல்லை. ஒரு கண் பெற்றவர் பாடும் பதிகம், இரு கண்ணும் இழந்தபோது பாடியவற்றைவிடக் கடுமையாக இருப்பது வியப்புக்குரியது.

பதிகத்தின் கட்டமைப்பே அதன் பொருளைச் சுமக்கிறது. முதற்பாடல், மீட்க முடியாத அடிமை என்னும் உறவைக் கூறித் தொடங்குகிறது. அதன் இறுதிச்சொல்லோ 'நீர் நலமாக வாழ்ந்து போம்' என்னும் பொருள்பட, பிரிந்து செல்பவர் கூறும் விடைச்சொல். பதினொரு பாடல்களும் அச்சொல்லிலேயே முடிகின்றன. விலக முடியாதவன் பதினொரு முறை விடைபெறுகிறான். இது வெறும் எள்ளல் என்று கொண்டால் முதற்சொல்லின் ஆழம் போய்விடும். உண்மையான பிரிவு என்று கொண்டால் பாடல் ஒன்றோடு நின்றிருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே நிற்பதுதான் இப்பதிகத்தின் இறுக்கம். பேயோடு பழகினாலும் பிரிவு துன்பமே என்னும் உலக வழக்கை இடையில் ஒரு பாடல் நினைவூட்டுவதும் இதற்கு அரண் செய்கிறது. அடியவருக்கு வாய்திறந்து ஒரு சொல் கூறாத தெய்வத்தை, பேயினும் பிரிவருமை அறியாத ஒன்றாக அப்பாடல் நிறுத்துகிறது.

இரண்டாம் பாடலின் சொல்லாட்சி தனியே நோக்கத்தக்கது. விற்றல், ஒற்றி, ஆட்படுதல், குற்றம், பழி ஆகிய அனைத்தும் வழக்குமன்றச் சொற்கள். தாம் ஒற்றியாக வைக்கப்பட்ட பொருள் அல்லர். வேண்டுமாயின் விற்றுக்கொள்ளும் முழுவுரிமை ஆண்டவருக்கு உண்டு. எனினும் தாம் விரும்பியே ஆட்பட்டவர். குற்றம் செய்யாத ஆளின் கண்ணைப் பறித்ததால் பழி ஆண்டவரையே சாரும் என்பது வாதம். திருவொற்றியூர்ப் பதிகத்திலும், மூன்று கண் உடையவர் அடியவனின் கண்ணை எடுத்துக்கொள்வது எந்தக் கணக்கு, எந்த வழக்கு என்னும் கேள்வி எழுகிறது. ஒற்றியூர் என்னும் ஊர்ப்பெயரும் 'ஒற்றி' என்னும் சொல்லும் சுந்தரர் காதில் ஒன்றோடொன்று ஒலித்திருத்தல் கூடும்.

இவ்வழக்குமொழி தற்செயலானதன்று. திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் ஒருவர் ஓலைகாட்டிச் சுந்தரரை அடிமைகொண்ட நிகழ்ச்சியைத் தடுத்தாட்கொண்ட புராணம் கூறும். அவைமுன் வன்மொழி பேசியமையால் 'வன்றொண்டன்' என்னும் பெயர் வாய்த்ததைச் சுந்தரரே தம் திருநாவலூர்ப் பதிகத்தில் குறிப்பிடுகிறார். உறவே ஒரு வழக்கில் தொடங்கியது. அன்று வழக்குரைத்தவர் இறைவன். ஆரூரில் அவ்வழக்கைத் திருப்பி நடத்துபவர் அடியவர். ஓலையால் வந்த அடிமை என்பதை விடுத்து, விரும்பி வந்த அடிமை என்று அவர் கூறுவது கருதத்தக்கது. ஓலை காட்டப்பட்டவனுக்குக் கடமை மட்டுமே உண்டு. விரும்பி வந்தவனுக்கோ முறையிடும் உரிமையும் உண்டு.

நிந்தாத்துதி என்னும் விளக்கம் இங்கே தளர்கிறது. மேற்போக்கில் வசையாகத் தோன்றும் தொடர், உட்பொருளில் புகழாக மாறுவது நிந்தாத்துதி. காளமேகத்தின் பாடல்கள் இதற்குத் தெளிவான சான்று. திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்திலும், கைவிட்டால் ஏசுவேன் என மாணிக்கவாசகர் அச்சுறுத்தும் இடத்தில், அவர் அடுக்கும் வசைகள் நஞ்சுண்டமை, தோலுடுத்தமை, சுடுகாட்டில் ஆடியமை என்பனவே. இவை யாவும் சிவனின் புகழ்க்கூறுகள். வசை தானே வாழ்த்தாகிவிடுகிறது. மேலும் ஐம்பது பாடல்களிலும் மாணிக்கவாசகர் தம் சிறுமையை முன்வைத்தே வேண்டுகிறார். ஆரூர்ப் பதிகத்தில் இறைவன் 'கண்ணைக் கொண்டவர்'. இத்தொடரை எந்தச் சிலேடையாலும் புகழாக மாற்ற இயலாது. கண் காணாமல் குன்றில் முட்டிக் குழியில் விழும் அடியவரின் படிமத்துக்கும் உட்பொருள் வேறில்லை. அது குழியில் விழுவதே.

தோழமை நெறி என்னும் விளக்கம் இதைவிட வலுவானது. சுந்தரரின் பிற பதிகங்கள் பலவற்றுக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் இப்பதிகத்தில் தோழன் என்னும் நிலையிலிருந்து அவர் பேசவில்லை. அடிமை, ஆள், அடியார் என்னும் சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அன்றியும் பல பாடல்களில் பேசுபவர் 'நான்' அல்லர், 'அடியார்' என்னும் பன்மை. தன் கண்ணுக்காக எழுந்த குரல், துன்பத்தைச் சொல்லியும் விடை கிடைக்காத அனைவருக்குமான குரலாக விரிந்து, மீண்டும் தன்னிடம் திரும்புகிறது. ஒரு பாடல், அடியவர் தம் அல்லலைச் சொன்னால் அவரை வருத்திவைத்து மறுமைப் பயனைக் காட்டுவதையும் ஏற்க மறுக்கிறது. துயரத்துக்கு மறுமையை ஈடாகக் காட்டும் ஆறுதலை இத்துணை நேரடியாகத் தள்ளும் இடம் தேவாரத்தில் அரிது. நட்பின் செல்லச் சினம் என்று இதனைச் சுருக்கினால், அப்பன்மையின் துயரம் விடுபட்டுப்போகும்.

இன்னொரு பாடலில் 'முறையோ' என்னும் கூக்குரல் எழுகிறது. இதுதான் திருவாரூரா என்ற கேள்வியும் உடன் வருகிறது. கன்றை இழந்த பசு மணியை அசைத்து நீதி பெற்ற ஊராக ஆரூரைத் திருநகரச் சிறப்பில் சேக்கிழார் பிற்காலத்தில் பாடியதை அறிந்த வாசகருக்கு அக்கேள்வி கூடுதல் கூர்மை பெறும்.

இடர்ப்பாடு ஒன்று உண்டு. குற்றம் ஏதும் செய்யவில்லை என ஆரூரில் கூறும் சுந்தரர், திருவெண்பாக்கப் பதிகத்தில் தம் பிழையை ஒப்புக்கொள்கிறார். பிழையைப் பொறுப்பார் என்று நம்பியே பிழைத்ததாகவும் கூறுகிறார். சூள் பிழைத்தமை பெரியபுராணத்தில் வெளிப்படை. முரணைத் தீர்க்க ஒரு வழி உண்டு. ஆரூரில் பேசுபவர் ஆளாக நின்று ஆண்டவரிடம் பேசுகிறார். ஆட்பணியில் அவரிடம் குற்றமில்லை. பிழைத்த சூள் சங்கிலியாருக்குரியது. அது வேறோர் உறவு. இவ்வாறு கொள்ள இடமிருப்பினும், இவ்வாதம் சுந்தரருக்குச் சற்று வசதியானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கைவிடப்பட்ட சங்கிலியாரின் முறையீட்டுக்குப் பதிகம் இல்லை.

விவிலியத்தின் சங்கீத நூலோடு ஒப்பிடுவது இங்குப் பயன்தரும். 150 சங்கீதங்களைப் பாவகை நோக்கில் பகுத்த ஹெர்மன் குன்கெல், தனிமனிதப் புலம்பலை அந்நூலின் அடிப்படை வகைகளுள் ஒன்றாகக் கண்டார். அவ்வகைப் பாடல்களுட் பெரும்பாலானவை குற்றச்சாட்டில் தொடங்கி நம்பிக்கையில் முடிபவை. 'எதுவரை' என்று நான்கு முறை வினவும் 13ஆம் சங்கீதம், சில அடிகளுக்குள் பாட்டாக மாறிவிடுகிறது. 88ஆம் சங்கீதமோ திரும்பவேயில்லை, இருளிலேயே முடிகிறது. வழிபாட்டிலிருந்து புலம்பல் நீங்கினால் இறைவனிடம் நீதி கேட்கும் உரிமையும் நீங்கும் என்று வால்டர் புருக்மன் 1986இல் எழுதிய கட்டுரை வாதிட்டது. இரு மரபுகளும் வெவ்வேறு மண்ணில் வளர்ந்தவை. தொடர்பு தேடுவது வீண். எனினும் ஆரூர்ப் பதிகம் 13ஆம் சங்கீதத்தின் இனமன்று, 88ஆம் சங்கீதத்தின் இனம் என்னும் வேறுபாடு, திருமுறைக்குள் இப்பதிகத்தின் தனித்தன்மையைக் காணத் துணைசெய்கிறது.

அத்தனித்தன்மை கடைசிப் பாடலில் வெளிப்படையாகிறது. தேவாரப் பதிகங்களின் இறுதிப்பாடல் பாடியவர் பெயரைக் கூறி, பதிகத்தை ஓதுவார் பெறும் பயனையும் கூறுவது பெருவழக்கு. வினை நீங்குதல், வானுலகு ஆளுதல் போன்ற பயன்கள் அங்கு உறுதியளிக்கப்படும். இங்கே ஆரூரன் என்னும் பெயர் இருக்கிறது, பயன் இல்லை. பயன் நிற்க வேண்டிய இடத்தில், உலகறியக் கண்ணைக் கொண்டதால் பழி உமக்கே என்னும் குற்றச்சாட்டு நிற்கிறது. தாம் இன்னும் பெறாத ஒன்றை ஓதுவார்க்கு உறுதியளிக்கச் சுந்தரர் முன்வரவில்லை. மற்றைக் கண் கிடைத்த செய்தியைச் சொல்வது பெரியபுராணமே. பதிகத்துக்குள் அவர் பாடி முடிக்கும்போதும் அக்கண் வரவில்லை.