தொட்டி நீரும் சுனை நீரும்

மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் திருச்சி நாளிதழ்களில் இரண்டு வகைச் செய்திகள் மாறி மாறி வரும். துவரங்குறிச்சி, மணப்பாறை வட்டாரக் காப்புக்காடுகளில் வனவிலங்குகளின் தாகம் தீர்க்க வனத்துறை தொட்டிகளில் தண்ணீர் நிரப்புகிறது என்பது ஒன்று. காட்டோரத் தோட்டத்துக் கிணற்றில் காட்டுமாடு விழுந்துவிட்டது, தீயணைப்புத் துறையினரும் வனத்துறையினரும் பல மணி நேரம் போராடினார்கள் என்பது மற்றொன்று. ஊர்வழக்கில் காட்டெருமை என்று சொல்லப்படும் இந்த விலங்கு, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடும் யானையோடும் இடம்பெற்றது. வளர்ந்த காளை ஒரு டன் எடையைத் தொடும். முதல் செய்தியைப் படித்து மகிழ்கிறோம், இரண்டாவதைப் படித்து வருந்துகிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றும் வழக்கம் எவ்வளவு தூரம் பயன்படுகிறது என்று கேட்கத் தோன்றும். கோடைக்கு முதலுதவியாக அது வேண்டும். ஆனால் அதையே காட்டு நீர்க்கொள்கையாக வளரவிட்டது தவறு, அந்தப் பணத்தில் பெரும்பகுதி மலையின் ஊற்றுகளுக்கும் காட்டோரக் கிணறுகளுக்கும் போயிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிவு.

தொட்டியின் தேவையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். திருச்சி வட்டாரத்தின் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். தை முடிவதற்குள் சிற்றோடைகள் வற்றும். பங்குனி, சித்திரையில் இலையுதிர்ந்த குன்றுகளில் பச்சையே அரிது. காய்ந்த புல்லையும் தழையையும் தின்னும் காட்டுமாட்டுக்குத் தீவனத்திலிருந்து கிடைக்கும் ஈரமும் அப்போது குறைந்துபோகிறது; அது நாள்தோறும் தண்ணீரைத் தேடியாக வேண்டும். முன்பெல்லாம் ஒரு குன்றில் நீர் வற்றினால் மந்தை அடுத்த குன்றுக்குப் போய்விடும். இன்று திருச்சி–மதுரை, திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலைகளும், வேலியிட்ட தோட்டங்களும், வீட்டுமனைகளும் அந்த வழிகளைத் துண்டாக்கிவிட்டன. நகர வழியில்லாத விலங்குக்கு நீரை நகர்த்திக் கொடுப்பது மனிதக் கடமை. தொட்டி கட்டுவது எளிது, செலவு குறைவு, எங்கே வைக்கலாம் என்பதும் நம் கையில். காட்டின் உட்பகுதியில் வைத்தால் விலங்கை ஊர்ப்பக்கம் வராமல் ஓரளவு தடுக்கலாம். இவ்வளவும் உண்மை.

ஆனால் தொட்டியின் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. மூன்று மீட்டர் அகலமும் முப்பது சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வட்டத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளிம்புவரை நிரப்பினால் சுமார் 2,100 லிட்டர் கொள்ளும். வீட்டு மாடு கோடையில் நாளைக்கு 50 லிட்டர்வரை குடிக்கும். அதைவிடப் பெரிய காட்டுமாட்டுக்கும் அதே அளவென்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், பத்து உருப்படி உள்ள மந்தைக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் ஆகிறது. சித்திரை வெயிலில் நாளைக்கு 8 மில்லிமீட்டர் ஆவியானால் இன்னொரு 55 லிட்டர் காற்றோடு போகும். புள்ளிமானும் காட்டுப்பன்றியும் மயிலும் குடிப்பது தனி. ஆக, நிரம்பிய தொட்டி மூன்றரை நாளில் காலி. வாரம் ஒருமுறைதான் டேங்கர் வர முடியும் என்றால், வாரத்தில் பாதி நாள் அது காய்ந்த சிமென்ட் குழிதான். ஓட்டுநர் வரவில்லை, டிராக்டர் பழுது, டீசலுக்குப் பணம் வரவில்லை என்று ஒரு நடை தவறினால் நிலைமை இன்னும் மோசம். தொட்டிக்குப் பழகிவிட்ட மந்தை மாலையில் அங்கே வந்து, நீரில்லாமல், இருட்டும் வேளையில் அடுத்த நீரைத் தேடிப் புறப்படுகிறது. காட்டோரத்தில் தொட்டி இருந்தால் அந்த அடுத்த நீர் எது? கைப்பிடிச் சுவரில்லாத, தரைமட்டத்தில் வாய் திறந்திருக்கும் வெட்டுக் கிணறு. வண்டி எளிதாகப் போக வேண்டும் என்பதற்காகவே காட்டுப்பாதையின் ஓரத்தில், ஊருக்குப் பக்கமாக இடம் பார்த்தால், எதைத் தடுக்கத் தொட்டி கட்டினோமோ அதையே அது வரவழைக்கும்.

இதைவிடப் பெரிய குறை நோய். ஓடும் நீரில் மந்தை பரவி நின்று குடிக்கும். நின்ற நீரில் எல்லா வாயும் ஒரே இடத்தில் படும். 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் பரவிய வெக்கை நோய் அங்கிருந்த காட்டுமாடுகளைப் பெருமளவில் அழித்தது. அந்த நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டுவிட்டது என்றாலும் கோமாரியும் அடைப்பானும் இருக்கின்றன. தமிழகத்தின் பெயர்பெற்ற மாட்டுச் சந்தைகளில் ஒன்று மணப்பாறையில் கூடுகிறது. பல மாவட்டத்து மாடுகள் வந்து போகிற வட்டாரம் இது. காட்டோரத்துத் தொட்டியில் பகலில் மேய்ச்சல் மாடும் இரவில் காட்டுமாடும் குடிக்குமானால், இரண்டுக்கும் நடுவே நோய்க்குப் பாலம் போட்டவர்கள் நாம்தான். ஊர் மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி போடலாம். காட்டு மந்தைக்குப் போட முடியாது.

செயற்கை நீர் காட்டின் அமைப்பையே மாற்றிவிடும் என்பதற்கு உலகறிந்த சான்று தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா. அங்கே பல பத்தாண்டுகளில் 300க்கும் மேற்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி நீர்நிலைகள் உண்டாக்கினார்கள். வறண்ட வடபகுதிக்கு வரிக்குதிரையும் வில்டபீஸ்டும் பெருகி வந்தன; அவற்றைத் தொடர்ந்து சிங்கம் வந்தது. உயர்ந்த புல்லை நம்பி அங்கே வாழ்ந்த ரோன் மான்கள் 1986இல் சுமார் 450 ஆக இருந்தவை 1993இல் 45 அளவுக்குச் சுருங்கின. அதன்பின் பூங்கா நிர்வாகமே பல நீர்நிலைகளை மூடியது. நம் குன்றுகள் குரூகர் அல்ல. அளவும் விலங்கும் வேறு. ஆயினும் நீர் இருக்கும் இடத்தில் மேய்ச்சல் குவியும், மேய்ச்சல் குவிந்தால் புல் அழியும் என்பது இங்கேயும் பொருந்தும். நீரைக் கூட்டிவிட்டுத் தீவனத்தைக் கூட்டாமல் விட்டால் விலங்கு தாகத்துக்குப் பதில் பசியோடு நிலக்கடலைக் காட்டுக்குள் இறங்கும்.

அப்படியானால் விலங்கு நாவறண்டு சாகட்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மழை பொய்த்த ஆண்டில் தொட்டியை நிறுத்தச் சொல்வது கொடுமை; இக்கட்டுரை அதைச் சொல்லவில்லை. டேங்கரை நம்பாமல் சூரிய மின்சக்தி மோட்டார் வைத்த ஆழ்துளைக் கிணறு போடலாமே என்பார்கள் வேறு சிலர். சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளில் இந்த முறை வந்திருக்கிறது; டேங்கர் தவறும் சிக்கலை இது தீர்க்கிறது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் கடினப் பாறைப் பகுதியில் பாறை வெடிப்புகளில் தேங்கும் நீர் மிகச் சிறிது. மலையடிவாரத்தில் அதைத் தோண்டி உறிஞ்சினால், மேலே சுனையில் கசிய வேண்டிய நீரை நாமே கீழே இழுத்துவிடும் வாய்ப்பு உண்டு. ஆழ்துளைக் கிணறு ஊற்றுக்கு மாற்றாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே சேமிப்பிலிருந்துதான் எடுக்கின்றன.

ஊற்று எப்படி உயிரோடிருக்கிறது என்பதைப் பார்த்தால் செய்ய வேண்டியது விளங்கும். மேட்டுச் சரிவில் விழும் மழை, இலைச்சருகும் புல்வேரும் பிடித்து வைக்க, மெல்ல மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்பில் சேர்ந்து, பள்ளத்தில் எங்கோ ஒரு விரிசலில் கசிகிறது. சுனையின் வாய் ஓரிடம். அதற்கு உணவூட்டும் சரிவு வேறிடம். நல்லெண்ணத்தோடு சுனையைக் கெடுப்பவர்கள் வாயை மட்டுமே பார்க்கிறார்கள். பொக்லைன் கொண்டு அகலப்படுத்துகிறார்கள், சுற்றிச் சிமென்ட் பூசுகிறார்கள். கசிவு வாயைத் தோண்டித் தாழ்த்தினால் சேமிப்பு விரைவில் வடிகிறது. அடைத்துக் கட்டினால் நீர் வேறு விரிசலைப் பார்த்துப் போய்விடுகிறது. நண்டும் தவளையும் வாழ்ந்த ஈரச் சேறு போய், வழவழப்பான தளம் மிஞ்சுகிறது. அமெரிக்காவின் மேற்கத்தியப் புல்வெளிகளில் நல்ல மேய்ச்சல் நிர்வாகம் உள்ள இடங்களில் செய்யும் முறை வேறு. கசிவு வாயைக் குளம்பு மிதிக்காதபடி வேலியிட்டுக் காத்து, நீரில் ஒரு பங்கை மட்டும் குழாயில் தள்ளிக் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டு, தொட்டி வழியும் நீரை மீண்டும் ஓடைக்கே திருப்புகிறார்கள். சிறு விலங்கு விழுந்தால் ஏறிவர உள்ளே ஒரு சரிவுப்படி வைக்கிறார்கள். நம் காடுகளுக்கு வேலி ஒத்துவராது, அது யானைக்கும் மானுக்கும் இடையூறு. பெரிய கற்களை இட்டே கசிவு வாயைக் காக்கலாம். வழிந்தோடும் நீரை ஓடைக்குத் திருப்புவதும் ஏறுபடியும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கவை.

சரிவைக் காப்பதுதான் உண்மையான வேலை. ஊட்டியை அடுத்த கிளென்மார்கனில் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் நடத்திய நீண்டகாலச் சோதனையில், புல்வெளியில் தைலமரம் நட்ட நீர்ப்பிடிப்பில் முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 விழுக்காடும் அடுத்த சுற்றில் சுமார் 25 விழுக்காடும் குறைந்தது. தைலமரத்தைப் பெருமளவில் வளர்த்த தமிழ்நாடு வனத் தோட்டக் கழகத்தின் தலைமையகம் திருச்சியில்தான் இருக்கிறது. குன்றுகளின் நீர்ப்பிடிப்பில் அம்மரம் வேண்டாம் என்று முடிவெடுக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சிக்கிமில் 2008இல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டம், ஊற்றுக்கு உணவூட்டும் சரிவைக் கண்டறிந்து, அங்கே குழிகளும் வரப்புகளும் வெட்டி, வற்றிய ஊற்றுகளை மீட்டுக் காட்டியது. அது மக்கள் குடிக்கும் ஊற்றுகளுக்காக நடந்தது. ஆனால் மழையைப் பிடித்து வைக்கும் மண் யாருக்காகப் பிடிக்கிறது என்று பார்ப்பதில்லை.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. பலன் தெரியப் பல பருவங்கள் ஆகும். எந்தச் சரிவு எந்தச் சுனைக்கு நீர் தருகிறது என்பதைக் கண்டறிய நிலவியல் அறிவு வேண்டும். தவறான சரிவில் வெட்டிய குழி வெறும் குழிதான். தொட்டி திறப்பு விழாவைப் படம் பிடிக்கலாம், சருகு மூடிய சரிவைப் படம் பிடித்தால் யார் பார்ப்பார்கள்? நிதி ஒதுக்குபவர்கள் தொட்டியை விரும்ப இது ஒரு வலுவான காரணம். மலைக் கிராமங்களும் அதே ஊற்றைத்தான் நம்பியிருக்கின்றன. விலங்குக்காக ஊற்றைக் காக்கிறோம் என்று சொல்லி மக்களின் குடத்தைப் பறிக்க முடியாது, அவர்களின் பங்கை முதலில் வரையறுத்துத்தான் தொடங்க வேண்டும். சட்டமும் உறுதியாக இல்லை. காப்புக்காடுகளின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கல்குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் தமிழக அரசு விதி கொண்டுவந்தது. 2022 டிசம்பரில் அந்தப் பாதுகாப்பைச் சரணாலயம், தேசியப் பூங்கா போன்றவற்றுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. கடவூர் மலைக்காடுகள் 2022இல் தேவாங்கு சரணாலயமானதால் தப்பின. சரணாலயமாகாத துவரங்குறிச்சிக் காப்புக்காட்டுச் சுனைக்கு அந்தக் கவசம் இல்லை. பாறையின் வெடிப்பில் வாழும் ஊற்றுக்கு அருகே பாறைக்கு வெடி வைத்துவிட்டு, கோடையில் டேங்கரில் நீர் அனுப்புவது ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுப்பதாகிறது.

காத்திருக்க முடியாத வேலை ஒன்றும் இருக்கிறது. ஊற்று மீளும்வரை கிணறுகள் வாய் திறந்தபடியே இருக்கக் கூடாது. காட்டெல்லையை ஒட்டிய கிணறுகளைக் கணக்கெடுத்து, இடுப்புயரக் கைப்பிடிச் சுவர் கட்டும் செலவை விவசாயி தலையில் கட்டாமல் அரசே ஏற்க வேண்டும். அந்தச் சுவர் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரையும் காக்கும். தொட்டிகள் இருக்கட்டும், ஆனால் ஊரிலிருந்து தள்ளி, மேய்ச்சல் மாடு போகாத இடத்தில், ஏறுபடியோடு, நீர் ஊற்றிய தேதியை எழுதி வைக்கும் ஒழுங்கோடு, மழை வந்ததும் மூடிவிடும் உறுதியோடு இருக்கட்டும். திருச்சி மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் அடுத்த பங்குனிக்கு முன் கிணற்றுக் கணக்கெடுப்பை முடித்து, இந்த வடகிழக்குப் பருவத்துக்குள் இரண்டு மூன்று சுனைகளின் சரிவிலாவது வேலையைத் தொடங்க வேண்டும்.