ஒரே ஒரு சொல்லுக்காக

மதுரை ஆனையூரில் எங்கள் தெருவில் ஒரு சிறுமி இருக்கிறாள். பேச்சு வராது. கூடல்நகர்ப் பக்கம் ரயில் வருவது எங்கள் காதுக்கு எட்டும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் கல்லில் பதித்துக்கொள்வாள். கடைசிப் பெட்டி கடக்கும்வரை எடுக்கமாட்டாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ‘அஞ்சலி’ ஞாபகம் வரும்.

1990 ஜூலையில் வந்த படம். இயக்கிய மணிரத்னம் மதுரையில் பிறந்தவர். இசையமைத்த இளையராஜா, அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்துக்காரர். அவருக்கு இது 500ஆவது படம். பிறந்ததுமே இறந்துவிட்டதாகத் தாயிடம் சொல்லப்பட்ட மூன்றாவது குழந்தை அஞ்சலி, மனவளர்ச்சி குன்றி, அதிக நாள் தாங்காத உடம்போடு உயிருடன் இருக்கிறாள். அப்பா சேகர் மட்டும் ரகசியமாகப் போய்ப் பார்த்துவருகிறார். ஒருநாள் உண்மை உடைந்து, குழந்தை வீடு வந்து சேர்கிறாள்.

நான் இந்தப் படத்தைப் பலமுறை பார்த்தது அதன் சத்தத்துக்காக. படத்தின் முற்பகுதியில் அஞ்சலி நம் கண்ணுக்கே வருவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பிள்ளைகள் மாடிப்படியைக் கிடுகிடுக்க வைக்கிறார்கள். பெரியவர்களை வேவு பார்க்கிறார்கள். ஒரு பாட்டில் விண்வெளிக்கே போய்ச் சண்டை போட்டுத் திரும்புகிறார்கள். கற்பனை என்றால் இப்படித்தான், ஆர்ப்பாட்டமாக இருக்கும் என்று நம்மைப் பழக்கிவிடுகிறது படம். அதற்குப் பிறகுதான் பேசாத ஒரு குழந்தையைக் கொண்டுவந்து நடுவீட்டில் விடுகிறது. இரைச்சலில் ஊறிய காதுக்கு அவளுடைய மௌனம் சட்டென்று உறைக்கிறது. இந்தப் படத்தின் ஒலிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்தது பொருத்தமே.

அஞ்சலியாக நடித்த பேபி ஷாமிலிக்கு அப்போது மூன்று வயதுதான் இருக்கும். கலைந்த சுருட்டை முடி, தத்தித் தத்தி நடை, தொண்டையிலேயே நின்றுவிடும் ஒலிகள். அவள் கண்கள் ஒரு பொருளின்மீது விழுந்தால் சீக்கிரம் நகர்வதில்லை. மற்ற பிள்ளைகளுக்கு விண்வெளி வேண்டியிருக்கிறது. இவளுக்குக் கையெட்டும் தூரமே போதுமான உலகம். மது அம்பாட்டின் ஒளிப்பதிவில் ஜன்னல் வெளிச்சம் பனிமூட்டம்போல் பரவி அந்தச் சுருட்டை முடியின் ஓரத்தில் தங்கும்போது, அவள் பார்ப்பதை நாமும் பார்க்கத் தொடங்குகிறோம்.

எனக்கு மிகப் பிடித்த இழை தாய்க்கும் மகளுக்கும் இடையில் ஓடுவது. வீட்டுக்கு வந்த குழந்தை தனக்குப் பழகிய அப்பாவிடமே ஒட்டிக்கொள்கிறாள். பெற்றவளிடம் வர மறுக்கிறாள். தாயாக வரும் ரேவதி அழுது புரண்டு நடித்திருக்கலாம். ஆனால் நீட்டிய கை வெறுமையாகத் திரும்புவதை விழுங்கிக்கொண்டு மறுபடி நீட்டுகிறார். தாயின் பொறுமை என்ன என்பது அதில் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் கடைசியில் அஞ்சலி வாய் திறந்து ‘அம்மா’ என்னும்போது, தமிழ்ப் படங்களில் ஆயிரம் முறை கேட்ட அந்தச் சொல் புதிதாகப் பிறந்ததுபோல் கேட்கிறது. அத்தனை கூச்சலும் அத்தனை மௌனமும் இந்த ஒரு சொல்லுக்கான ஏற்பாடு.

குறை ஒன்று உண்டு. அஞ்சலி இறந்துபோகிறாள். இப்படிப்பட்ட குழந்தை வளர்வதை, பள்ளிக்குப் போவதை, தாய்க்கு வயதாகும்போதும் உடனிருப்பதைப் படம் காட்டாமலே முடிந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளின் அந்த நீண்ட வாழ்க்கைக்கான தனிச் சட்டமே நம் நாட்டில் 1995இல்தான் வந்தது. ஆனாலும் குடியிருப்பே எதிர்த்து நின்ற ஒரு குழந்தையை, நம் வீட்டுக் குழந்தையாகக் கொஞ்ச வைத்தது இந்தப் படம்.

போன வாரம் மாலையில் அந்தச் சிறுமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளைப் போலவே கையைப் படியில் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் என் கையை இழுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். கல் மெல்ல அதிர்ந்தது. ரயிலின் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.